'போனைப் பிடுங்கிடுவாங்க!' - பிள்ளைகளின் பயத்தை உடைக்கும் 8 வகுப்பறை விளையாட்டுகள்

ஏழாம் வகுப்போ, எட்டாம் வகுப்போ... உங்க முன்னாடி 40 பிள்ளைகள் உட்கார்ந்திருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. "தெரியாத நம்பர்ல இருந்தோ, தெரியாத ஐ.டி-ல இருந்தோ யாருக்கெல்லாம் மெசேஜ் வந்திருக்கு?"னு கேட்டுப் பாருங்க. கைகள் படபடன்னு மேலே போகும். அடுத்து, "அதை வீட்ல சொன்னவங்க மட்டும் கையை அப்படியே வெச்சிருங்க"னு சொல்லுங்க. பெரும்பாலான கைகள் கீழே இறங்கிடும். ஏன் சொல்லலைன்னு கேட்டா, திரும்பத் திரும்ப வர்ற பதில் ஒண்ணுதான்: "போனைப் பிடுங்கிடுவாங்க!"

இணையத்துல என்னென்ன ஆபத்து இருக்குன்னு பிள்ளைகளுக்கு ஓரளவுக்குத் தெரியும். ஆனா மாட்டிக்கிட்டா யார்கிட்ட போய் நிக்கிறதுன்னுதான் தெரியறதில்லை. 'இதைச் செய்யாதே, அதைத் தொடாதே'னு ஒரு மணி நேரம் லெக்சர் கொடுத்தா அந்தப் பயம் இன்னும் கூடத்தான் செய்யும். அதனாலதான் விளையாட்டு.

நீங்க புதுசா வேலைக்குச் சேர்ந்த ஆசிரியரா இருக்கலாம், பி.எட். பயிற்சிக்குப் போறவரா இருக்கலாம், என்.எஸ்.எஸ். கேம்ப்ல 'ஏதாவது ஒரு விழிப்புணர்வு கிளாஸ் எடுங்க'னு மாட்டிவிடப்பட்டவரா இருக்கலாம். இல்லம் தேடிக் கல்வியிலோ, வீட்டு மாடியிலோ டியூஷன் எடுக்கிறவங்களாகவும் இருக்கலாம். இந்த 8 விளையாட்டுகளும் உங்களுக்குத்தான். பெரும்பாலானவற்றுக்கு இணைய வசதியே வேண்டாம். கரும்பலகை, சாக்பீஸ், பழைய நோட்டுப் பேப்பர் போதும்.

தொடங்கும் முன்: ஒரு அட்டைப் பெட்டி

வகுப்புக்குப் போகும்போது ஒரு ஷூ டப்பாவில் துளை போட்டு எடுத்துட்டுப் போங்க. முடியும்போது எல்லாருக்கும் ஒரு துண்டுச்சீட்டு. கேள்வி இருக்கிறவங்க கேள்வி எழுதணும், இல்லாதவங்க 'கேள்வி இல்லை'ன்னு எழுதணும். எல்லாரும் எழுதி எல்லாரும் போடணும். அப்போதான் யார் எழுதினாங்கன்னு பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. தனியாப் பேசணும்னு நினைக்கிறவங்க மட்டும் பெயரையும் எழுதலாம்னு சொல்லிடுங்க. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருந்தா, அது எதுக்குன்னும் இந்த நேரத்துல ஞாபகப்படுத்திடுங்க.

1. ஒரு போட்டோ... எத்தனை தகவல்?

வகுப்பு: 5 முதல் 8 வரை. நேரம்: 20 நிமிடம்.

கரும்பலகையில ஒரு படம் வரையுங்க. யூனிஃபார்ம், கழுத்துல ஐ.டி. கார்டு போட்ட ஒரு பொண்ணு. பின்னாடி வீட்டு வாசல், கதவு எண், நம்பர் பிளேட் தெரியிற ஸ்கூட்டி. கீழே கேப்ஷன்: 'பர்த்டே செலிப்ரேஷன் ஓவர், 6 மணிக்கு டியூஷன், வீட்ல யாரும் இல்ல, செம போர்!'

இப்போ வகுப்பை நாலு நாலு பேரா பிரிச்சு, "நீங்கதான் துப்பறிவாளர்கள். இந்தப் பொண்ணைப் பற்றி என்னென்ன தெரியுது?"னு கேளுங்க. பெயர், பள்ளி, வகுப்பு, பிறந்தநாள், வீடு, வண்டி நம்பர், எத்தனை மணிக்கு எங்கே இருப்பாள், வீட்டில் பெரியவங்க இல்லை... பட்டியல் நீண்டுகிட்டே போகும்.

அடுத்த ரவுண்டுதான் முக்கியம். அதே படத்துல எதையெல்லாம் அழிச்சா, அந்தப் பொண்ணு சந்தோஷமா போட்டோவும் போடலாம், பாதுகாப்பாவும் இருக்கலாம்? டஸ்டரைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துடுங்க. 'போட்டோ போடாதே'ங்கறதைவிட 'எதை மறைச்சுட்டுப் போடலாம்'ங்கறது அவங்களுக்கு நாளைக்கே பயன்படும்.

கவனம்: வகுப்புல இருக்கிற யாருடைய நிஜ போட்டோவையும் இதுக்கு எடுக்காதீங்க.

2. பின் நம்பர் கணக்கு

வகுப்பு: 6 முதல் 10 வரை. கணக்கு பீரியடுக்கு அல்வா மாதிரி.

நாலு இலக்க பின் நம்பர் எத்தனை விதமா அமையலாம்? 0000 முதல் 9999 வரை, மொத்தம் 10,000. சரி, பிறந்த தேதியையும் மாதத்தையும் வெச்சு பின் போட்டா? பிப்ரவரி 29 சேர்த்தாலும் வெறும் 366. ஒரு நம்பரைப் போட்டுப் பார்க்க 5 விநாடி ஆகும்னு வெச்சுக்குங்க. 10,000 நம்பரையும் முயற்சி பண்ண 50,000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 14 மணி நேரம். பிறந்தநாளா இருந்தா 1,830 விநாடி. அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்! நிஜத்துல சில தடவை தப்பா போட்டதும் போன் நம்மைக் காத்திருக்க வைக்கும். ஆனா உங்க பிறந்தநாள் தெரிஞ்சவருக்கு ஒரே ஒரு தடவை போதுமே!

அப்படியே பாஸ்வேர்டுக்கு வாங்க. ஆங்கிலச் சின்ன எழுத்துகள் எட்டை மட்டும் வெச்சாலே சுமார் 20,882 கோடி விதம் வரும். எழுத்து கூடக் கூட எண்ணிக்கை எங்கேயோ போயிடும். அதனால சம்பந்தமே இல்லாத நாலு சொற்களைக் கோத்து நீளமான பாஸ்வேர்டு உருவாக்கச் சொல்லுங்க. 'மாடு, பஸ், மழை, பரோட்டா' மாதிரி. கேலிக்கூத்தான வரிசைக்குத் தனிப் பரிசு.

எப்படியும் ஒருத்தர் ஆர்வத்துல, "சார், என் பாஸ்வேர்டு இதுதான்"னு சத்தமா சொல்லிடுவார். திட்டாதீங்க. "இப்போ எத்தனை பேருக்குத் தெரிஞ்சுபோச்சு?"ன்னு கேளுங்க. சிரிப்போட சேர்ந்து பாடமும் முடிஞ்சது. சாயங்காலமே அதை மாற்றிடச் சொல்ல மறக்காதீங்க.

3. காதோடு காதாக... ஃபார்வேர்டு!

வகுப்பு: 6 முதல் 12 வரை.

நமக்கெல்லாம் தெரிஞ்ச விளையாட்டுதான். முதல் பெஞ்சுல ஒருத்தர் காதுல, 'சனிக்கிழமை மதியம் மழை வந்தா மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் கிடையாதாம்'னு சொல்லுங்க. கடைசி பெஞ்சுக்குப் போகும்போது அது 'சனிக்கிழமை லீவு' ஆகியிருக்கலாம்.

அடுத்து கரும்பலகைக்கு வாங்க. ஒருத்தர் 5 பேருக்கு அனுப்பறார், அந்த 5 பேரும் ஆளுக்கு 5 பேருக்கு அனுப்பறாங்க. 5, 25, 125, 625... நாலாவது சுற்றுலயே மொத்தம் 780 பேர். உங்க பள்ளிக்கூடமே முடிஞ்சிருக்கும். ஆறாவது சுற்றுல மட்டும் 15,625 பேர்.

இது ஏன் விளையாட்டு இல்லைன்னு பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 2018 மே மாதம், குழந்தைக் கடத்தல் கும்பல் சுற்றுதுன்னு வாட்ஸ்அப்ல வதந்தி பரவிக்கிட்டிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரையும் கூட வந்தவர்களையும் கடத்தல்காரங்கன்னு நினைச்சு ஒரு கூட்டம் அடிச்சது. அந்த மூதாட்டி இறந்தேபோனார். அந்த வருஷம் நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், ஒரே நேரத்துல 5 பேருக்கு மேல ஃபார்வேர்டு பண்ண முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி கேட்க மூணு கேள்வி: யார் சொன்னது? எப்போ நடந்தது? வேற எங்கே இது வந்திருக்கு? மெசேஜுக்கு மேல இரட்டை அம்புக்குறி இருந்தா, அது பலமுறை கைமாறி வந்ததுன்னு அர்த்தம். உண்மையான்னு அந்த அம்புக்குறி சொல்லாது, நாமதான் பார்க்கணும்.

4. தூண்டில் போடுவோமா?

வகுப்பு: 7 முதல் 12 வரை. பிள்ளைகள் அதிகமா சத்தம் போடப்போற விளையாட்டு இது!

பாதி வகுப்பு மோசடிக்காரர்கள், மீதி வகுப்பு சைபர் போலீஸ். மோசடி அணி பத்து நிமிஷத்துல பேப்பர்ல ஒரு ஏமாற்று மெசேஜ் எழுதணும். 'ஃப்ரீ ஃபயர் டைமண்ட் இலவசம்', 'கரன்ட் பில் கட்டலை, இன்னிக்கு ராத்திரி இணைப்பு துண்டிக்கப்படும்', 'உங்க பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை வந்திருக்கு, இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க'... பிள்ளைகளுக்கே நிறையத் தெரிஞ்சிருக்கும்.

போலீஸ் அணி அதுல இருக்கிற தூண்டில் முள்ளைக் கண்டுபிடிக்கணும். முள் பெரும்பாலும் நாலு வகைதான்: அவசரம் (இன்னும் பத்தே நிமிஷம்), பயம் (கேஸ் ஆயிடும்), ஆசை (இலவசம்), ரகசியம் (யார்கிட்டயும் சொல்லாதே). எந்த முள்னு சொன்னா ஒரு மதிப்பெண். என்ன செய்யணும்னு சேர்த்துச் சொன்னா இரண்டு. மதிப்பெண் போட்டு முடிச்சதும் அந்தப் பேப்பர்களை நீங்களே வாங்கிக் கிழிச்சுடுங்க.

முடிக்கும்போது இதை எல்லாரும் நோட்டுல எழுதட்டும்: 'யு.பி.ஐ. பின் நம்பர், நம்ம கணக்குல இருந்து பணம் வெளியே போறதுக்குத்தான். பணம் உள்ளே வர பின் நம்பர் தேவையில்லை.' நம்ம ஊர்ல நிறையப் பிள்ளைகள் விளையாடறது அம்மாவோட போன்ல. அதே போன்லதான் சம்பளம் வர்ற பேங்க் ஆப்பும் இருக்கு. ஒரு லிங்க்கைத் தொட்டா போறது கேம் ஐ.டி. மட்டும் இல்லைன்னு இந்த இடத்துல அவங்களுக்குப் புரிஞ்சுடும்.

5. சுவருக்கு அந்தப் பக்கம் யாரு?

வகுப்பு: 8 முதல் 12 வரை.

இரண்டு மாணவர்கள், ஒரு பெரியவர் (இன்னொரு ஆசிரியரோ, லேப் உதவியாளரோ) பக்கத்து அறையில உட்காரணும். அ, ஆ, இ-னு அவங்களுக்குப் பெயர். மூணு பேருமே 'நான் ஒன்பதாம் வகுப்பு'ன்னுதான் சொல்வாங்க. வகுப்புல இருந்து சீட்டுல கேள்வி போகும். கையெழுத்துல மாட்டாம இருக்க, பதில்களை ஒருத்தரே எழுதிக் கொண்டுவரணும். பத்து கேள்விக்குள்ள பெரியவர் யாருன்னு கண்டுபிடிக்கணும்.

தோற்றாலும் ஜெயிச்சாலும் பாடம் ஒண்ணுதான். தோற்றா, 'எழுத்தை மட்டும் வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது'. ஜெயிச்சா, 'இங்கே ஒருத்தர் பெரியவர்னு முன்னாடியே தெரிஞ்சதால தோண்டித் துருவினோம். நிஜ சாட்டிங்ல இத்தனை கேள்வி கேட்போமா?'

அடுத்து கரும்பலகையில ஒரு படிக்கட்டு வரையுங்க. முதல் படி பாராட்டு. இரண்டாவது, கேம் டாப்அப் மாதிரி ஒரு பரிசு. மூணாவது, 'நம்ம பேசறது யாருக்கும் தெரிய வேண்டாம்'. நாலாவது, 'வேற ஆப்புக்கு வா'. அஞ்சாவது, போட்டோ. ஆறாவது, மிரட்டல். எந்தப் படியில இறங்கிடலாம்னு கேளுங்க. 'மூணாவது படியிலேயே'ன்னு பதில் வரும். "ஆறாவது படிக்குப் போயிட்டாலும் இறங்கலாம், அது உன் தப்பு இல்லை"ன்னு நீங்க கட்டாயம் சொல்லுங்க. ஏற்கெனவே அந்தப் படியில நிற்கிற ஒரு பிள்ளை அந்த வகுப்புலயே இருக்கலாம்.

6. நாலு மூலை

வகுப்பு: 6 முதல் 10 வரை.

சூழ்நிலை இதுதான்: வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பையனோட போட்டோவை மீம் ஆக்கிப் போட்டிருக்காங்க. வகுப்பறையின் நாலு மூலைக்கும் நாலு பெயர் வைங்க. 'சிரிப்பு ஸ்மைலி போடுவேன்', 'பார்த்துட்டுப் பேசாம போவேன்', 'அவனுக்குத் தனியா மெசேஜ் பண்ணுவேன்', 'பெரியவங்ககிட்ட சொல்வேன்'. எந்த மூலையோ, அங்கே போய் நிற்கணும்.

பலர் நேர்மையா முதல் இரண்டு மூலைக்குப் போவாங்க. அது பரவாயில்லை. ஒவ்வொரு மூலையிலும் ஏன்னு கேளுங்க. அப்புறம் சூழ்நிலையைக் கொஞ்சம் மாற்றுங்க: 'அவன் ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரலை.' இப்போ மூலை மாறணும்னு நினைக்கிறவங்க மாறலாம். கால்கள் நகர ஆரம்பிக்கும்.

முடிவுல ஒரு டூத்பேஸ்ட்டை எடுத்துத் தட்டுல பிதுக்கி, ஐஸ் குச்சியால திரும்ப உள்ளே போடச் சொல்லுங்க. போட்ட போஸ்ட்டை டெலிட் பண்ணினாலும், அதுக்குள்ள யாரோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட் என்ன ஆகும்னு அவங்களே சொல்லிடுவாங்க.

7. குரல் கேட்டா நம்பலாமா?

வகுப்பு: 8 முதல் 12 வரை.

மிமிக்ரி பண்ற மாணவர் ஒருத்தர் எல்லா வகுப்புலயும் இருப்பார். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, அவரை ஒரு பிரபல நடிகர் மாதிரி பேசச் சொல்லுங்க. கைதட்டல் அடங்கினதும் விஷயத்துக்கு வாங்க. இதையே ஏ.ஐ. இப்போ சில விநாடி ஆடியோவை வெச்சு இன்னும் கச்சிதமா செய்யும். 'அப்பாவுக்கு ஆக்சிடென்ட், உடனே ஓ.டி.பி. சொல்லு'னு அத்தை குரல்ல போன் வந்தா?

வீட்டுப்பாடம்: குடும்பத்துல எல்லாரும் சேர்ந்து ஒரு ரகசியக் குறிச்சொல் முடிவு பண்ணணும். சோஷியல் மீடியாவுல எங்கேயும் இல்லாத சொல்லா இருக்கணும். பாட்டி செய்ற ஏதோ ஒரு பலகாரத்தின் பெயர்கூடப் போதும். சந்தேகமான அழைப்பு வந்தா அந்தச் சொல்லைக் கேட்கணும், இல்லைன்னா கட் பண்ணிட்டு நாமளே அந்த உறவினரோட பழைய நம்பருக்குக் கூப்பிடணும். குறிச்சொல் என்னன்னு வகுப்புல யாரும் சொல்லக் கூடாது. 'வெச்சாச்சு'ன்னு மட்டும் சொன்னா போதும்.

ஸ்மார்ட் போர்டு இருந்தா, வைரலான ஒரு பழைய படத்தை கூகுள் லென்ஸ்ல போட்டு அது முதல்ல எப்போ, எங்கே வந்ததுன்னு தேடிக் காட்டுங்க. 'கைவிரலை எண்ணிப் பாரு, ஏ.ஐ. படம் மாட்டிக்கும்'ங்கற பழைய டிப்ஸ் மட்டும் சொல்லித் தராதீங்க. இப்போ விரல்கள் சரியாவே வருது.

8. அம்மா போன் ஆடிட்

வகுப்பு: 7 முதல் 12 வரை. வீட்டுல செய்யறது.

இந்த ஒரு நாள் பிள்ளைதான் டீச்சர், அம்மா அப்பா ஸ்டூடன்ட். சரிபார்க்க அஞ்சு விஷயம்:

* ஸ்க்ரீன் லாக் இருக்கா? அது பிறந்தநாளா?
* வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டிருக்கா?
* டார்ச் ஆப்புக்கு எதுக்கு கான்டாக்ட்ஸ் அனுமதி? தேவையில்லாத அனுமதிகளை எடுத்தாச்சா?
* கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம்னு வாட்ஸ்அப்ல வந்த 'ஏ.பி.கே.' ஃபைல் எதையாவது இன்ஸ்டால் பண்ணியிருக்கா?
* 1930 நம்பர் சேவ் ஆகியிருக்கா?

அம்மாவோட அனுமதியோட, அவங்க பக்கத்துல உட்கார்ந்துதான் செய்யணும். மெசேஜ், கேலரி எதையும் திறக்கக் கூடாது. இன்னொருத்தர் போனை எப்படி மரியாதையா கையாளணும்ங்கறதும் இதுக்குள்ளேயே வந்துடும்.

இதெல்லாம் வேண்டாமே!

* பயமுறுத்துற நிஜ வீடியோக்கள், தற்கொலைச் செய்திகளைக் காட்டாதீங்க.
* உங்க பள்ளியிலோ, ஊரிலோ நடந்த சம்பவத்தைப் பெயர் சொல்லாமக்கூட உதாரணமா எடுக்காதீங்க. எல்லாருக்கும் யாருன்னு தெரிஞ்சுடும்.
* 'பொண்ணுங்க ஜாக்கிரதையா இருங்க'ன்னு ஒரு பக்கம் மட்டும் சாய்ஞ்சுடாதீங்க. பையன்களும் மிரட்டப்படறாங்க, வெளியே சொல்ல அவங்களுக்குக் கூச்சம் இன்னும் அதிகம்.

ஒரு பிள்ளை தனியா வந்து நின்னா...

வகுப்பு நல்லா போச்சுன்னா, முடிஞ்சதும் யாராவது உங்க பின்னாடியே வரலாம். 'என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்னை'ன்னுகூட ஆரம்பிக்கலாம். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நீங்க தயாரா இருக்கணும்.

முதல்ல, "சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல தப்பு இல்லை"ன்னு சொல்லுங்க. 'ஏன் அனுப்பினே?' வேண்டவே வேண்டாம். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு சத்தியமும் பண்ணாதீங்க. "உனக்கு உதவ வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்"னு சொல்லுங்க. ஏன்னா, 18 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு எதிரா பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா, போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டியது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். மறைச்சா அதுவே குற்றம். தலைமையாசிரியரிடம் சொன்னதோட உங்க வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க.

மிரட்டுறவனுக்குப் பணம் கொடுக்கவோ, இன்னொரு படம் அனுப்பவோ கூடாது. பதற்றத்துல சாட்டை டெலிட் பண்ண விடாதீங்க. ஐ.டி. பெயர், நம்பர், மிரட்டல் மெசேஜ், தேதி எல்லாம் சாட்சி. ஆனா பிள்ளையோட அந்தரங்கப் படத்தை நீங்க பார்க்கவோ, உங்க போனுக்கு வாங்கவோ, 'ஆதாரத்துக்காக'ன்னு யாருக்கும் அனுப்பவோ கூடாது. சட்டப்படி அதுவும் சிக்கல்தான். போன் அப்படியே இருக்கட்டும், போலீஸ் பார்த்துக்கும்.

படம் பரவிடுமோன்னு பயமா? 18 வயசுக்குள்ள எடுத்த அந்தரங்கப் படங்களைத் தடுக்க 'டேக் இட் டவுன்'னு ஓர் இலவச சேவை இருக்கு. அமெரிக்காவின் காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023-ல தொடங்கியது. படம் போனைவிட்டு எங்கேயும் போகாது. அதோட டிஜிட்டல் கைரேகை மாதிரியான ஒரு குறியீடு மட்டும்தான் போகும். அதை வெச்சு, இந்தச் சேவையில் இணைஞ்சிருக்கிற இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடிச்சு நீக்கும். 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.'ன்னு இதே மாதிரி ஒண்ணு இருக்கு.

போர்டுல எழுதிப்போட வேண்டிய எண்கள்

* 1098 - குழந்தைகள் உதவி எண். பிள்ளைகளே நேரா கூப்பிடலாம்.
* 1930 - இணையப் பண மோசடிக்கு. பணம் போன உடனே கூப்பிட்டா, அதை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். 'நாளைக்குப் பார்ப்போம்' வேண்டாம்.
* சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் - மத்திய அரசின் புகார் தளம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு.
* 14417 - தமிழக பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.

இந்த எட்டையும் ஒரே நாள்ல செய்யணும்னு இல்லை. வாரத்துக்கு ஒண்ணு போதும். ஏதாவது ஒரு நாளை வெச்சுத் தொடங்கணும்னா நவம்பர் 14 குழந்தைகள் தினம் இருக்கு. பிப்ரவரியில ஒரு செவ்வாய்க்கிழமை வர்ற பாதுகாப்பான இணைய தினமும் இருக்கு.

கிளாஸ் முடிஞ்சதும் அந்த ஷூ டப்பாவை மறக்காம எடுத்துட்டு வந்து, அன்னிக்கே எல்லாச் சீட்டையும் பிரிச்சுப் படிச்சிடுங்க. முப்பத்தொன்பது சீட்டுல 'கேள்வி இல்லை'ன்னு இருக்கலாம். மிச்சம் இருக்கிற அந்த ஒரு சீட்டு, அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க முடியாததா இருக்கலாம்.